கண்ணாடித் தூளும் கைராசியும்

நீலம் இன்னும் குழியை விட்டு இறங்கவே இல்ல. பதினொன்னே முக்காலுக்குச் சுவிட்சைப் போட்டேன், இப்ப மணி பதினொன்னு ஐம்பது, ஐஞ்சு நிமிஷத்துல அது எங்க இறங்கும், பைத்தியமாட்டி உனக்கு, கண்ணை எடுத்துட்டு வேற சோலியைப் பாருன்னு எனக்கே நான் சொல்லிக்கிடுதேன், ஆனா கண்ணு வரமாட்டேங்கு. நோன்பு நாள்ல பக்கத்து வீட்டுல இருந்து வருமே கடல்பாசி, அதை மாதிரி ஒரு சதுரக் கட்டி, ஜெல்லுன்னு பேரு, உப்புத் தண்ணித் தொட்டிக்குள்ள முங்கிக் கிடக்கு. மேல் ஓரத்துல வரிசையா அஞ்சு குழி. முதல் குழியில அளவு பார்க்கிறதுக்கான டி.என்.ஏ, ரெண்டாவதுல டி.என்.ஏ எடுக்கிறதுக்குன்னே விக்கிற வெளிநாட்டுக் கிட்டுல எடுத்தது, மூணாவதுல நான் எடுத்தது, நாலாவதுல முன்னால என்கூட ஆராய்ச்சி பண்ணின ஜெபக்கனி எடுத்தது, அஞ்சாவதுல ஒண்ணுமே இல்லாத வெறும் தண்ணி. எல்லாத்துலயும் நீலச் சாயம் கலந்து விட்டிருக்கேன், அது கண்ணுக்குத் தெரியுறதுக்கு மட்டும்தான். டி.என்.ஏ கண்ணுக்குத் தெரியாது. நீலம் கட்டியோட முக்கால் தூரம் போகணும், அதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், பெறகு எடுத்து இருட்டுப் பெட்டிக்குள்ள வச்சு ஊதா விளக்கைப் போட்டா எவ எவ்வளவு எடுத்தான்னு பட்டை பட்டையாத் தெரிஞ்சிரும். பன்னெண்டரைக்குத் தெரிஞ்சிரும். ரெண்டு மணிக்கு எனக்கு வைவா, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஏழு வருஷம் ஆராய்ச்சி பண்ணி, முந்நூறு பக்கம் எழுதி, மதுரையில இருந்து ஒரு பெரிய பேராசிரியர் ரயில்ல வந்துக்கிட்டிருக்காரு, நான் இங்க தொட்டிக்கு முன்னால ஸ்டூல்ல உக்காந்து என் மூணாவது பட்டை அவளோட நாலாவது பட்டையை விட வெளிச்சமா இருக்கணும்னு சங்கரன்கோயில் கோமதியம்மன்ட்ட வேண்டிக்கிட்டு இருக்கேன். ஆய்வாளர் பேச்சா இது. ஆனா வேற என்ன செய்ய.

ஒன்பதாம் நம்பர் கேள்வியை அந்த மதுரைக்காரரு கேக்காம இருந்திருந்தா ஒண்ணும் இல்ல. முந்நூறு பக்கத்தையும் படிச்சுட்டு பதினாலு கேள்வி எழுதி அனுப்பியிருந்தாரு, பதிமூணுக்கு நான் பதில் எழுதி வச்சிட்டேன், ஒன்பதாவது மட்டும் பாக்கி. வெறும் தண்ணியை உங்க சிலிக்கா வழியா விட்டா எவ்வளவு வருதுன்னு அட்டவணையில காணோமேன்னு கேட்டிருந்தாரு. என்ன வரும், சைபர் வரும், அதை எதுக்கு அட்டவணையில போடணும்னு எனக்கு எரிச்சலா வந்தது. சரி, பெரிய மனுஷன் கேக்காரு, ஒரு தடவை போட்டுக் காமிச்சிருவோம்னு இன்னைக்குக் காலையில ஒன்பதரைக்குத் தண்ணியை எடுத்து, சிலிக்கான்னு அவரு சொல்ற நம்ம கண்ணாடித் தூளைப் போட்டு, உப்பு விட்டு, சாராயத்துல கழுவி, கடைசியில எப்பவும் எடுக்குற மாதிரி எடுத்து, ஒரு சொட்டை அளவு காட்டுற மெஷின்ல வச்சேன். நாப்பத்தொண்ணுன்னு காமிச்சது. துடைச்சுட்டு மறுபடி வச்சேன். நாப்பது. மறுபடி. நாப்பத்திரண்டு. ஆட்டு ரத்தத்துல இருந்து நான் எடுத்தா ஐம்பத்திரண்டு வரும், வெளிநாட்டுக் கிட்டை விட ரெண்டு கூடன்னுதான் என் ஆராய்ச்சியே, அதைத்தான் சென்னையில மேடையில சொன்னேன், கைதட்டுனாங்க. வெறும் தண்ணிக்கு நாப்பத்தொண்ணு. தண்ணிக்கு ஏது உயிரு, தண்ணிக்கு ஏது டி.என்.ஏ. அந்த மெஷின் என்ன செய்யும், சொட்டு வழியா ஒளியை விடும், எவ்வளவு ஒளி மறையுதுன்னு எண்ணும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். டி.என்.ஏ மறைச்சாலும் எண்ணும், தூசி மறைச்சாலும் எண்ணும். தூசியைத் தனியாப் பார்க்க இன்னொரு பொத்தான் உண்டு, அதை ஏழு வருஷத்துல ஒருத்தரும் அமுக்கினது கிடையாது, ஏன்னா என் வழிகாட்டி தனுஷ்கோடி சாரோட அட்டவணையில அதுக்குக் கட்டம் இல்ல. இன்னைக்கு அமுக்கினேன். தூசிதான். அம்புட்டும் கண்ணாடித் தூசி. அந்தத் தண்ணிதான் இப்ப அஞ்சாவது குழியில.

ஐம்பத்திரண்டுல நாப்பத்தொண்ணு போனா பதினொன்னு. இந்தக் கழித்தல் கணக்கைக் காலையில இருந்து முப்பது தடவை போட்டுட்டேன், ஒவ்வொரு தடவையும் பதினொன்னுதான் வருது. ஜெபக்கனிக்கு எப்பவும் பன்னெண்டு வரும், பதிமூணு வரும். அதுக்குத்தானே அவளை எல்லாரும் பரிதாபமாப் பார்த்தோம். ஒரே உரல், ஒரே தூள், ஒரே ஆட்டு ரத்தம், மேலப்பாளையத்துல ஒரே கடையில வாங்கினது, எனக்கு ஐம்பத்திரண்டு அவளுக்குப் பதிமூணு. அந்தத் தூளுக்குக் காசே கிடையாது. கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டுல பிள்ளைக உடைச்சுப் போட்ட ப்யூரெட்டு, பிப்பெட்டு, கூம்புக் குடுவை எல்லாத்தையும் சாக்குல கட்டி வச்சிருப்பாங்க, அதை வாங்கிட்டு வந்து துணியில சுத்தி நொறுக்கி, கல்லுரல்ல மாவா அரைச்சு, ஆசிட்டுல ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பெறகு தண்ணியில அலசணும். கண்ணாடின்னாலும் சிலிக்காதான், மணல்னாலும் சிலிக்காதான், உப்பு கூட இருந்தா டி.என்.ஏ அதுல போய் ஒட்டிக்கிடும், தண்ணி விட்டா இறங்கி வந்துரும், அவ்வளவுதான் சூட்சுமம். அலசுறதுலதான் விஷயம். தண்ணி ஊத்திக் கலக்கி ரெண்டு மணி நேரம் வச்சா நல்ல தூள் அடியில உக்காந்துரும், உக்கார மாட்டேங்கிற பொடிப்பொடித் தூசி மேல பால் மாதிரி நிக்கும், அதைக் கொட்டிரணும். அரிசி களையுறதுதான். நான் மூணு தடவை களைவேன். ஒரு தடவைக்கு ரெண்டு மணி நேரம், மூணுக்கு ஆறு மணி நேரம், எனக்கு ஆறே கால் பஸ்ஸு. அதுவும் போக ஒவ்வொரு தடவையும் பாதித் தூள் போயிருமேன்னு வயிறு எரியும். ஜெபக்கனி ஏழு தடவை களைவா. தண்ணி கண்ணாடி மாதிரி தெளியுற வரைக்கும் விடமாட்டா, மறுநாளும் வந்து களைவா. கடைசியில டியூப்ல இருந்து எடுக்கும்போதும் அடியில கொஞ்சத்தை விட்டுருவா, நான் அடிமட்டம் வரைக்கும் உறிஞ்சி எடுப்பேன். பாதித் தூளைச் சாக்கடையில கொட்டுறியேம்மா, இதுக்கா உன்னை வச்சிருக்கேன்னு சார் அவளைத் திட்டுவாரு. நானும் சிரிச்சிருக்கேன்.

கைராசி. இந்த வார்த்தையை முதல்ல யார் சொன்னது. சார்தான்னு நினைக்கேன், தனுஷ்கோடி சாருக்கு எல்லாத்துலயும் ராசி உண்டு, புது மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காம சுவிட்சு போட விடமாட்டாரு. ஆவுடைக்குக் கைராசிம்மா, அவ தொட்டா வரும்பாரு. பரவிட்டு. விலங்கியல்ல இருந்து மீனைத் தூக்கிட்டு வருவாளுக, தாவரவியல்ல இருந்து பருத்தி இலையோட வருவாளுக, அக்கா எனக்கு வரவே மாட்டேங்கு, நீங்க ஒரு தடவை எடுத்துக் குடுங்கன்னு நிப்பாளுக, நானும் ராணி மாதிரி உக்காந்து எடுத்துக் குடுப்பேன், எண்ணைப் பார்த்துட்டு கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டவ கூட உண்டு. எவ்வளவு பேருக்குத் தூசியை எடுத்துக் குடுத்திருக்கேன் ஆண்டவனே. அவளுக எழுதினதுலயும் அந்த எண்ணுதானே இருக்கும். இந்தக் கையைத்தானா. காஞ்சு போய், ஆசிட்டு பட்ட தழும்போட, நகத்துல எப்பவும் ஒரு வெள்ளைப் பொடியோட. எனக்கு அது புடிச்சிருந்தது, பொய் சொல்லக்கூடாது, ரொம்பப் புடிச்சிருந்தது. கல்யாணம் கூடி வராம ரெண்டு தடவை கலைஞ்சு போனப்ப, ராசியில்லாதவன்னு சொந்தக்காரங்க பேசினப்ப, இங்க வந்து வெள்ளைக் கோட்டை மாட்டினா நான் ராசிக்காரி. அதுக்காகவே ஞாயித்துக்கிழமையும் வந்திருக்கேன். ஜெல்லு ஓட்டிப் பார்த்தப்ப எல்லாம் என் பட்டை மங்கலாத்தான் வரும், அதையும் நான் பார்த்திருக்கேன், கண்ணு அவிஞ்சா போச்சு. ஜெல்லுல போடுற ஒளிச்சாயம் பழசும்மா, மெஷின்ல நல்லா வருதுல்லா, போதும்னு சார் சொன்னாரு, போதும்னு நானும் விட்டுட்டேன். கிட்டுப் படத்தையும் என் படத்தையும் தனித்தனியா எடுத்து என்னோடதுல மட்டும் வெளிச்சத்தைக் கூட்டி ஆய்வேட்டுல வச்சேன். திருட்டுத்தனம்னு அப்ப தோணவே இல்ல, முகத்துக்குப் பவுடர் போடுற மாதிரிதான் தோணிச்சு.

விளக்கு மங்குது. கரண்டு போகப் போகுதா, போயிரு, போயிட்டா நல்லதுதான், ஜெல்லு பாதியில நின்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது, எனக்குமே தெரியாது. இல்ல, வந்துட்டு. தொட்டியோட ரெண்டு முனையிலயும் கம்பியில இருந்து குமிழ் குமிழா வருது, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீலம் அரை இஞ்சு வந்திருக்கு. அஞ்சும் ஒண்ணு போல வருது, நீலத்துக்கு என்ன தெரியும். அப்பா இந்நேரம் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கிட்டிருப்பாரு. முப்பத்தோரு வருஷம் கண்டக்டர், தென்காசி பஸ்ஸுல சீட்டுக் கிழிச்சவரு, இன்னைக்கு மக வைவாவுக்கு முன் வரிசையில உக்காரணும்னு மூணு நாளா வீட்டுல வேற பேச்சு இல்ல. வைவான்னா என்னட்டின்னு கேட்டாரு, கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லணும், பெறகு எழுந்து நின்னு டாக்டர்னு சொல்லுவாங்கன்னு சொன்னேன். ரோகத்துக்கு மருந்து குடுக்க முடியாத டாக்டரான்னு சிரிச்சுட்டு, மறுநாளே போய்த் தம்பி கல்யாணப் பத்திரிகையில முனைவர் ஆவுடையம்மாள்னு அடிச்சுட்டு வந்துட்டாரு. இன்னும் ஆகலைப்பா, முன்னாலயே போடக்கூடாதுன்னா கேக்கல. அறுநூறு பத்திரிகை. அம்பாசமுத்திரம், கடையம், ஆலங்குளம், எல்லா வீட்டுக்கும் போயாச்சு, எல்லா வீட்டுலயும் அலமாரி மேல என் பேரு முனைவரோட உக்காந்திருக்கு. அதை ஒவ்வொரு வீடா ஏறித் திருப்பி வாங்கவா முடியும். இங்க என் வேலையும் அப்படித்தான், ஜூனுக்குள்ள பட்டம் வரலைன்னா அந்த இடத்துல வேற ஆளைப் போட்டுருவோம்னு நிர்வாகத்துல எழுதியே குடுத்துட்டாங்க. வயசு முப்பத்தாறு. இனிமே எந்த இடத்துல போய் முதல்ல இருந்து கண்ணாடி இடிக்க.

சார் வந்துட்டுப் போனாரு. பத்து மணிக்கே சொல்லிட்டேன் அவர்கிட்ட, மறைக்கல, அதுவரைக்கும் நான் நல்லவதான். சார், தண்ணிக்கு நாப்பத்தொண்ணு வருதுன்னு சொன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டி வேட்டி நுனியில துடைச்சாரு, இன்னைக்கு வைவான்னு பட்டு வேட்டி, ரொம்ப நேரம் துடைச்சாரு. பெறகு, மெஷின் பழசும்மான்னாரு. தூசிப் பொத்தானை அமுக்கினதையும் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துட்டு, எனக்கு அதைப் பார்க்கவும் பாவமா இருந்தது, அவருக்கும் என்னை வச்சுத்தான் பேரு, இந்தத் தூளை வச்சுத்தான் அடுத்த மூணு வருஷத்துக்கு அரசாங்கத்துல கேட்டிருக்காரு. கதவைச் சாத்திட்டு வந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "தண்ணி அளவைக் கழிச்சுட்டுத்தான் அட்டவணையில போட்டிருக்கோம்னு சொல்லிரு. அவரு அதுக்கு மேல கேக்க மாட்டாரு." இப்ப பன்னெண்டு மணிக்கு வந்தவரு தொட்டியைப் பார்த்தாரு, இது எதுக்கும்மா இப்பன்னாரு, சும்மா சார்னு சொன்னேன், சாப்பிட்டுட்டு வா, வெறும் வயித்தோட நிக்காதேன்னுட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான் வேலை. தண்ணி அளவைக் கழிச்சுட்டுத்தான் போட்டிருக்கோம். நாலு வார்த்தை. கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பார்த்தேன், நல்லாத்தான் வருது, நாக்கு கூசல. மதுரைக்காரரு நாலு மணி ரயிலுக்குத் திரும்பணும், அவரும் வீடு போய்ச் சேரணும். எழுந்து நின்னு டாக்டர்னு சொல்லிருவாங்க, அப்பா அழுவாரு. அந்த நாலு வார்த்தையைச் சொல்லிரு, சொல்லித் தொலை. ஆனா அந்த நாலாவது குழியில ஜெபக்கனி இருக்காளே.

டீப் ஃப்ரீசர்ல அடித்தட்டுல அவ டப்பா அப்படியே இருந்தது, ரெண்டு வருஷமா ஒருத்தரும் தொடல. உறைபனியைச் சுரண்டி எடுத்தா அவ குண்டு குண்டுக் கையெழுத்து. ஒவ்வொரு டியூப்லயும் எத்தனை தடவை களைஞ்ச தூள்னு எழுதி வச்சிருக்கா, ஜெ-ஏழு, ஜெ-ஏழு, ஜெ-எட்டு. அதே தேதியில நான் எடுத்த டியூப்பும் பக்கத்துல இருந்தது, ஆவுடைன்னு மட்டும் எழுதினது, எத்தனை தடவை களைஞ்சதுன்னு நான் என்னைக்கு எழுதினேன். ஒரே நாள், ஒரே ரத்தம். அதனாலதான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விட்டேன். ஒரு வேளை என்னோடது கூட இருந்தா, தூசியும் உண்டு, டி.என்.ஏவும் கூட உண்டுன்னு ஆயிட்டா, கொஞ்சமாவது கை உண்டுன்னு ஆயிட்டா, நான் அவளை, சார் அவளை அனுப்பினது அவ்வளவு பெரிய தப்பு இல்ல. சார்தான் அனுப்பினாரு. திட்டத்துல ஒருத்தருக்குத்தான் நீட்டிப்பு வந்தது, ரெண்டு பேர் இருந்தோம், சார்தான் முடிவு பண்ணினாரு, கடிதம் அவரு கையெழுத்துதான். ரெண்டு வருஷமா இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு வாரேன், மத்தவங்க கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன். ஆனா சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல வச்சு சார் என்கிட்ட கேட்டாருல்லா. சாயங்காலம் வெயில் சாஞ்ச நேரம், என் பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நீ என்ன நினைக்கிறம்மா, அந்தப் பிள்ளையைப் பத்தின்னு கேட்டாரு. தெரியாது சார்னு சொல்லியிருக்கலாம். உங்க இஷ்டம் சார்னு சொல்லியிருக்கலாம். பாடுபடுற பிள்ளை சார்னு உள்ளதைச் சொல்லியிருக்கலாம். "அவளுக்குக் கை வராது சார்." இதுதான் நான் சொன்னது. யோசிச்சுக்கூட சொல்லல, கேட்ட உடனே வந்துட்டு. சார் தலையை ஆட்டினாரு. திங்கக்கிழமை கடிதம் வந்துட்டு, ஆய்வகப் பணிக்குப் பொருத்தமில்லைன்னு. ஜெபக்கனி அன்னைக்கு உரலை நல்லாக் கழுவிக் கவுத்தி வச்சிட்டு, என் கையைப் புடிச்சுக்கிட்டு, நீங்க எனக்காகச் சார்ட்ட பேசியிருப்பீயக்கா, எனக்குத் தெரியும்னா. நான் கையை உருவிக்கல. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.

இப்ப அவ தூத்துக்குடியில ஒரு ஸ்கேன் சென்டர்ல பேரு எழுதி டோக்கன் குடுக்கா. அங்க ரத்தம் எடுக்கப் படிச்சுக்கோ, சம்பளம் கூட்டித் தாரோம்னாங்களாம், மாட்டேன்னுட்டாளாம். எனக்குத்தான் கைராசி கிடையாதே, சின்னப் பிள்ளைக கையில ஊசியைக் குத்திட்டு நரம்பு கிடைக்கலைன்னா பாவம்லாக்கான்னு போன்ல சிரிச்சா. நானும் சிரிச்சேன், என்ன சிரிப்பு அது. இன்னைக்கு லீவு போட்டுட்டு வாரா. நேத்து கூப்பிட்டு, வைவா யாரு வேணாலும் வந்து கேக்கலாம்ல, நான் கடைசி வரிசையில உக்காந்துக்கிடுதேன்னு சொன்னா. இப்பவும் போன் அடிக்குது, அவதான். வண்ணாரப்பேட்டையில பஸ்ஸை விட்டு இறங்கிட்டாளாம், முதலூர்ல இருந்து மஸ்கோத்து அல்வா வாங்கிட்டு வந்திருக்காளாம், முதல்ல ஆய்வகத்துக்கு வரவா, நேரா ஹாலுக்குப் போயிரவான்னு கேக்கா. ஹாலுக்குப் போயிருன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இங்க வான்னு வந்துட்டு. எதுக்கு அப்படிச் சொன்னேன். பேதியில போவா, எதுக்குட்டி அப்படிச் சொன்ன. அரை மணி நேரத்துல இங்க நிப்பா. நீலம் பாதிக்கு மேல போயிட்டு. அஞ்சும் நேர்கோடா, பிரேயர்ல நிக்கிற பிள்ளைக மாதிரி, ஒண்ணு ஒண்ணைப் பார்க்காம இறங்கி வருது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், எலுமிச்சை சாதம், ஒரு வாய் வச்சேன், மூடிட்டேன். அஞ்சாவதுல பட்டை வந்துட்டா என்ன, அப்ப மெஷினும் தப்பு, தண்ணியும் தப்பு, எல்லாமே தப்புன்னு ஆயிருமே, அதுவும் ஒரு வழிதானே. எல்லாமே தப்புன்னா யாரு மேலயும் தப்பு இல்லல்லா. இப்படியெல்லாம் யோசிக்கிற மூளையை வச்சுக்கிட்டு எனக்கு முனைவர் பட்டம் வேற. அம்மா தாயே கோமதி, மூணாவது பட்டையைக் கொஞ்சம் வெளிச்சமாக் காட்டிரு. கொஞ்சம் போதும். அவளை விட ஒரு நூல் கூட. வேற எதுவும் இனி கேக்க மாட்டேன்.

பன்னெண்டரை. சுவிட்சை அணைச்சாச்சு. ரெண்டு கையாலயும் ஏந்தித்தான் எடுக்கணும், உடைஞ்சிரும், உடையட்டும்னு ஒரு கை சொல்லுது, இன்னொரு கை பத்திரமாப் புடிச்சிருக்கு. பெட்டிக்குள்ள வச்சு, கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டு, மேலே உள்ள ஓட்டை வழியாப் பார்த்தேன். முதல்ல படிக்கட்டு படிக்கட்டா அளவு. ரெண்டாவதுல கிட்டு, பளீர்னு கங்கு மாதிரி ஒரு பட்டை. அஞ்சாவது கறுப்பு, சுத்தமா ஒண்ணுமே இல்ல, டி.என்.ஏ இல்லாத தூசி மினுங்காது, தண்ணி தண்ணியாத்தான் இருந்தது. மூணாவது நான். ஒரு பட்டை இருக்கத்தான் செய்யுது, இருக்குன்னு தெரிஞ்சு பார்த்தாத்தான் தெரியும். குழி வாயிலேயே கொஞ்சம் மினுங்குது, அங்க கண்ணாடித் தூசி இறங்க முடியாம உக்காந்திருக்கு, கொஞ்சநஞ்சம் எடுத்த டி.என்.ஏலயும் பாதியை அது தன்னோட புடிச்சு வச்சுக்கிட்டு விடல. நாலாவது ஜெபக்கனி. கிட்டு அளவுக்கு இல்ல. ஆனா தெளிவா, நேரா, ஒழுங்கா ஒரு பட்டை. என்னோடதை விட ரெண்டு மடங்காவது இருக்கும். ரெண்டு வருஷம் ஃப்ரீசர்ல கிடந்தது. நான் இடமிருந்து எண்ணினேன், வலமிருந்து எண்ணினேன், ஜெல்லைத் திருப்பி வச்சிட்டேனோன்னு பார்த்தேன், அடையாளத்துக்கு வெட்டின மூலை சரியான பக்கத்துலதான் இருந்தது. பெட்டியோட தகரத்துல நெத்தியைச் சாய்ச்சுக்கிட்டேன், சூடா இருந்தது. சமமாக்கூட இல்லையே தாயே. அவளுக்குத்தான் கை. ஏழு வருஷத்துல இந்த ஆய்வகத்துக்குள்ள வந்ததிலேயே நல்ல கை அவளுக்குத்தான் இருந்தது, அதைத்தான் வராதுன்னு சொல்லி அனுப்பினேன்.

வரலாமாக்கான்னு குரல் கேட்டுது. ஜெபக்கனி வாசல்ல நிக்கா, பச்சை சுடிதார், வேர்வை, கையில அல்வாப் பொட்டலம். மெலிஞ்சிருந்தா. உள்ள வந்தவ பொட்டலத்தை மேசையில வைக்கல, ரெண்டு கையாலயும் வயித்தோட சேர்த்துப் புடிச்சுக்கிட்டு, எதுலயும் பட்டுறாம மேசைகளுக்கு நடுவுல ஒதுங்கி ஒதுங்கி வந்தா. முன்னால இப்படி நடக்க மாட்டா. இன்னைக்குப் போய் ஜெல்லு ஓட்டிருக்கீயளான்னு ஆச்சரியமாக் கேட்டா. பாருன்னு சொல்லி நகந்துக்கிட்டேன். குனிஞ்சு பார்த்தா, ரொம்ப நேரம் பார்த்தா, முகத்துல ஒரு சந்தோஷம் வந்தது, அதைப் பார்க்க எனக்குத் தாங்கல.

"நாலாவதுதான உங்களுது. யாரும் சொல்லவே வேண்டாம்க்கா, பாத்தாலே தெரியுது. என்ன இருந்தாலும் உங்க கைராசி யாருக்கு வரும்."

கழிச்சுட்டுத்தான் போட்டிருக்கோம்ங்கிற மாதிரி இதுக்கும் ஒரு வார்த்தை போதும். ஆமாட்டின்னா முடிஞ்சது. தொண்டைக்குள்ள அது வந்தே வந்துட்டு. அப்புறம் நான் டியூப்பை எடுத்து அவ முன்னால நீட்டினேன். நாலாவது உன்னோடது, ரெண்டு வருஷம் முந்தி நீ எடுத்ததுன்னு சொன்னேன். கேலி பண்ணாதீயக்கான்னு சிரிச்சா. பெறகு எழுத்தைப் பார்த்தா. டியூப்பைக் கையில வாங்கல, என் கையில இருக்கும்போதே தலையைச் சாய்ச்சு அவ எழுத்தை அவளே படிச்சா. மூணாவது யாருன்னு கேட்டா, நான்னு சொன்னேன். அஞ்சாவதுன்னா, வெறும் தண்ணி, மெஷின்ல நாப்பத்தொண்ணு காமிச்ச தண்ணின்னு சொன்னேன். அவளுக்கு வேற எதுவும் விளக்க வேண்டியிருக்கல, தூசியாக்கா, களைஞ்சது பத்தலையான்னு அவளே மெதுவாக் கேட்டா. ஆமான்னேன். மேல ஹால்ல நாற்காலி இழுத்துப் போடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது.

"அப்ப என்னைய எதுக்குக்கா போகச் சொன்னாங்க?"

சொன்னாங்கன்னுதான் கேட்டா. சொன்னீயன்னு கேக்கல. சார் பேரு நாக்கு நுனியில ரெண்டு வருஷமாத் தயாரா இருக்கு.

"நான்தான் சொன்னேன். சார் என்கிட்ட கேட்டாரு. உனக்குக் கை வராதுன்னு நான்தான் சொன்னேன் ஜெபா."

அவ அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும். வாயில வந்தபடி ஏசியிருந்தா, அந்தப் பொட்டலத்தை என் மூஞ்சியில எறிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ ஜெல்லையே பார்த்துக்கிட்டு நின்னா. பெறகு என்னைப் பார்க்காமலே, அவளுக்கு அவளே சொல்லிக்கிடுற மாதிரி சொன்னா.

"நீங்க எனக்காகச் சார்ட்ட பேசுனீயன்னு எங்க அம்மாட்ட சொல்லியிருந்தேன். அம்மா தினமும் ஜெபத்துல உங்க பேரைச் சொல்லுதா. உங்களுக்கு இந்தப் பட்டம் கிடைக்கணும்னு இன்னைக்குக் காலையிலயும் முழங்கால் போட்டா."

ஸ்டூலைத் தேடி உக்காந்தேன். இனிமே சொல்ல வேண்டாம்னு அம்மாட்ட சொல்லிரு ஜெபான்னு சொன்னேன். அவ முதல் தடவையா என் முகத்தை நேராப் பார்த்தா.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து அம்மாட்ட சொல்லுங்க."

அவ்வளவுதான். போயிட்டா. ஊருக்குத்தான் போறான்னு நினைச்சேன், இல்ல, செருப்புச் சத்தம் மாடிப்படியில மேல ஏறிச்சு. நான் ஜெல்லைப் படம் எடுத்தேன், வெளிச்சத்தைக் கூட்டல, குறைக்கல. கம்ப்யூட்டரைத் திறந்து, வைவால காட்டப்போற அட்டவணையில ஐம்பத்திரண்டை அழிச்சுட்டுப் பதினொன்னுன்னு அடிச்சேன், கீழே புதுசா ஒரு வரி போட்டு, தண்ணி, நாப்பத்தொண்ணுன்னு அடிச்சேன், படத்துல நாலாவதுக்கு நேரா அவ முழுப் பேரையும் போட்டேன். ஒண்ணே முக்காலுக்கு நான் மேல போனப்ப அப்பா முன் வரிசையில இஸ்திரி மடிப்போட உக்காந்திருந்தாரு, சார் மதுரைக்காரருக்குப் பொன்னாடை போர்த்திக்கிட்டிருந்தாரு. கடைசி வரிசையில ஜெபக்கனி பொட்டலத்தை மடியில வச்சு, அது மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு இருந்தா. அப்பா என்னைப் பார்த்து நல்லா நில்லுன்னு கையைக் காட்டினாரு. நான் அவரைப் பார்க்காம மேடையில ஏறி அந்தப் படத்தை முதல்ல போட்டேன்.